ரேஸ் காரில் டேட்டா லாகர் சென்சார் பொருத்துவது எப்படி: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

டேட்டா லாகர், அதாவது சென்சார்கள் சொல்வதைப் பதிந்து வைக்கும் கருவியின் பெட்டியைப் பிரித்ததும் எல்லோருடைய கையும் முதலில் வயருக்குத்தான் போகிறது. வயரை இழுத்து, ஜிப் டை போட்டுக் கட்டி, அதற்குப் பிறகுதான் சென்சார் எங்கே உட்காரப் போகிறது என்று தேடுகிறார்கள். அங்கே இடம் இருக்காது, அல்லது வயர் ஒரு சாண் குறையும். பிறகு கட்டியதையெல்லாம் வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

இங்கே வரிசை வேறு. முதலில் கேள்வி, அடுத்து இடம், பிராக்கெட், அசைவுச் சோதனை, அப்புறம் வயர், கடைசியில் காலிப்ரேஷன் (சென்சார் காட்டும் எண்ணை உண்மை அளவோடு பொருத்துவது). ஒற்றை இருக்கை கார், கூரை உள்ள கார் இரண்டுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை எழுதுங்கள்

ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் எங்கே பிரேக் போடுகிறார்? முன்பக்கம், பின்பக்கம் பிரேக் பங்கு சரியா? கார் கர்ப் (ட்ராக் ஓரத்து மேடு) மீது ஏறும்போது டேம்பர் (ஷாக் அப்சார்பர்) முட்டுகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே தேவையான சென்சாரை எழுதுங்கள். எதிரே கேள்வி இல்லாத சென்சாரை இப்போதைக்குப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஜிபிஎஸ், லாகருக்குள் இருக்கும் ஐஎம்யு (காரின் முடுக்கத்தையும் சுழற்சியையும் அளப்பது), த்ராட்டில், ஸ்டீயரிங், இரண்டு பிரேக் பிரஷர், எஞ்சின் வெப்பம், ஆயில் பிரஷர் இவையே முதல் சில மாதங்களுக்குப் போதும். டேம்பர் சென்சார் நாலும் முதல் நாளே வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள்தான் அதிகம். அந்த டேட்டாவைப் படிக்கத் தெரிவதற்குள் சென்சார் தேய்ந்துவிடும்.

அதே தாளில் ஒவ்வொரு சேனலும் நொடிக்கு எத்தனை முறை பதிய வேண்டும் என்பதையும் குறியுங்கள். தண்ணீர் வெப்பம் மெதுவாக மாறுவது, 1 முதல் 5 ஹெர்ட்ஸ் தாராளம். ஸ்டீயரிங், த்ராட்டில், பிரேக் ஆகியவற்றுக்கு 50 முதல் 100. டேம்பரின் வேகத்தைக் கணக்கிட வேண்டுமென்றால் குறைந்தது 200, முடிந்தால் 500. சக்கரம் தானாகத் துள்ளும் அதிர்வே நொடிக்குப் பத்து, பதினைந்து தடவை இருக்கும். அதன் வடிவம் சிதையாமல் வர அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் பதிய வேண்டும்.

போட்டி விதிப் புத்தகத்தையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். சில தொடர்களில் வீல் ஸ்பீடு, டேம்பர் சென்சார்களுக்குத் தடை உண்டு. பொருத்திய பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

2. கை வைப்பதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், வெர்னியர், நல்ல கிரிம்ப் கருவி (வயர் முனையை நசுக்கிப் பிணைப்பது), ஹீட் ஷ்ரிங்க், ரப்பர் உள்ள வயர் கிளிப், த்ரெட் லாக், லேபிள், காரைத் தூக்கி நிறுத்த ஸ்டாண்டு. இவற்றோடு லாகரின் பின் வரைபடமும் ஒவ்வொரு சென்சாரின் தரவுத்தாளும் அச்சில் இருக்கட்டும். கிரீஸ் கையோடு போனில் தேடுவது ஆகாத வேலை.

சென்சார் ஒவ்வொன்றையும் காரில் ஏற்றுவதற்கு முன் மேஜையிலேயே லாகரோடு இணைத்து உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். டேம்பர் சென்சாரை இழுங்கள், ஹால் சென்சார் (காந்தப்புல மாற்றத்தை உணர்வது) முன்னால் ஒரு இரும்பு போல்ட்டை ஆட்டுங்கள், வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டரைக் கையில் பிடியுங்கள். கெட்ட சென்சாரைக் காருக்குள் கண்டுபிடிப்பது அரை நாள் வேலை, மேஜையில் இரண்டு நிமிடம்.

மேஜையில் ஒன்றுமே காட்டாத ஹால் சென்சாரை உடனே குப்பையில் போட வேண்டாம். பல ஹால் சென்சார்களின் வெளியீட்டுக்கு ஒரு புல்அப் ரெசிஸ்டர் (சிக்னல் வயரை மின்வழங்கலோடு இணைக்கும் மின்தடை) தேவை. லாகரில் அது உள்ளேயே இருக்கலாம், மென்பொருளில் ஒரு டிக் போட வேண்டியிருக்கலாம், அல்லது நீங்களே வெளியே சேர்க்க வேண்டியிருக்கலாம்.

3. லாகரும் ஐஎம்யுவும்

ஐஎம்யு காரின் எடை மையத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. காரணம் இது: கார் வளைவில் திரும்பும்போது தன்னைத் தானே சுற்றவும் செய்கிறது. அந்தச் சுழற்சி நொடிக்கு 1 ரேடியன், அதாவது சுமார் 57 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஐஎம்யு மையத்திலிருந்து 1 மீட்டர் முன்னால் இருந்தால், பிரேக்கைத் தொடாமலேயே சுமார் 0.1 ஜி பிரேக் போட்டதுபோல் காட்டும். ஓட்டுநர் கார்னருக்குள் வேகத்தை இழக்கிறார் என்று அவரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அச்சுகள் காரின் நீளவாக்கு, குறுக்குவாக்கு, மேல்கீழ் ஆகியவற்றோடு நேராக இருக்க வேண்டும். லாகரைச் சாய்த்துத்தான் வைக்க முடியும் என்றால், மென்பொருளில் சாய்வுத் திருத்தம் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தயாரிப்பாளர் கொடுக்கும் ரப்பர் புஷ்ஷைப் பயன்படுத்துங்கள். எஞ்சின் அதிர்வை அது உறிஞ்சும். கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துக் கீழே தடிமனான பஞ்சு வைத்தால், கர்ப்பில் ஏறும்போது லாகர் தன் பங்குக்குத் தனியாகக் குதிக்கும். மெல்லிய தகட்டுத் தரையின் நடுவிலும் வேண்டாம், முரசுத் தோல்போல அதிரும். குறுக்குக் குழாய் அல்லது தரையின் மடிப்பு ஓரம் நல்ல இடம்.

ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு வானம் தெரிந்தால் போதும். பின் இறக்கைக்கு அடியிலோ கார்பன் ஃபைபர் மூடிக்குள்ளோ வைக்காதீர்கள், கார்பன் மின்சாரம் கடத்துவது என்பதால் சிக்னலைத் தடுக்கும். காந்த அடி உள்ள ஆன்டெனா கார்பனிலும் அலுமினியத்திலும் ஒட்டாது என்பதை ட்ராக்கில் வந்து கண்டுபிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

4. வீல் ஸ்பீடு

அதிகம் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சக்கரம் சுற்றும்போது தன் முன்னால் கடப்பவற்றைத்தான் சென்சார் எண்ணுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்ஸ். முதலில் எதை எண்ணப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், சக்கர ஸ்டட்டுகள், அல்லது தனியாகச் செய்த பல்சக்கரம். பெரும்பாலான ஹால் சென்சாருக்கு முன்னால் ஓடுவது காந்தம் ஈர்க்கும் இரும்பாக இருக்க வேண்டும். டைட்டானியம், அலுமினியம், பல வகை ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் அதன் கண்ணுக்கே தெரியாது. ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் சென்சாரும் பார்க்காது.

பிராக்கெட் அப்ரைட்டில் (சக்கர பேரிங்கைத் தாங்கும் பாகம்) இருக்க வேண்டும், சேசிஸில் (காரின் சட்டம்) அல்ல. சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போவது அப்ரைட்தான். சேசிஸிலிருந்து கை நீட்டினால் முதல் குழியிலேயே சென்சார் உடையும்.

சென்சாருக்கும் போல்ட் தலைக்கும் உள்ள இடைவெளி பொதுவாக 1 மி.மீ. அளவு, சரியான எண் தரவுத்தாளில் இருக்கும். அதை அளக்கப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் ஃபீலர் கேஜ் வேண்டும். இரும்பு கேஜை சென்சாருக்குள் இருக்கும் காந்தம் இழுத்துவிடும், அளவு தப்பும். சக்கரத்தைக் கையால் முழுச் சுற்று சுற்றி, ஒவ்வொரு போல்ட்டிலும் இடைவெளியைப் பாருங்கள். ஒன்றிரண்டு தலைகள் உயரம் மாறியிருப்பது சகஜம்.

இனி பேரிங் ஆட்டம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, அந்த ஆட்டத்திலும் சென்சார் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். கார்னரில் விழும் பக்கச் சுமை நம் கையை விடப் பல மடங்கு பெரியது. நின்ற காரில் மட்டுமட்டாக இருக்கும் இடைவெளி ஓட்டத்தில் பூஜ்யமாகலாம்.

பிராக்கெட்டைக் குட்டையாகவும் தடிப்பாகவும் செய்யுங்கள். ஒருமுறை நாங்கள் நீளமான மெல்லிய அலுமினியப் பட்டையை வளைத்து மாட்டியிருந்தோம். கடும் பிரேக்கில் முன் இடது சக்கரத்தின் வேகம் சட்டெனப் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது. சக்கரம் லாக் ஆகிறது என்று பிரேக் பங்கை மாற்றிக்கொண்டே இருந்தோம். டயரில் தேய்ந்த தட்டை அடையாளம் ஒன்றுமே இல்லை என்று யாரோ கேட்ட பிறகுதான் பிராக்கெட்டைப் பார்த்தோம். அதிர்வில் இடைவெளி விரிந்து சென்சார் பல்ஸைத் தவறவிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

டிஸ்க்கின் சூடு நேராகப் படும் இடத்தைத் தவிருங்கள். வேறு வழியே இல்லை என்றால் நடுவில் ஒரு தகட்டுத் தடுப்பு வையுங்கள். பல ஹால் சென்சார்கள் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது. பந்தயத்தில் டிஸ்க் அதைப்போலப் பல மடங்கு சூடாகும்.

5. டேம்பர் சென்சார்

சென்சாரை டேம்பருக்கு இணையாக, முடிந்த அளவு ஒட்டி வையுங்கள். 15 டிகிரி சாய்ந்தாலே அசைவு 3 சதவீதத்துக்கு மேல் குறைந்து தெரியும். சாய்வும் அசைவோடு சேர்ந்து மாறுவதால் ஒரே எண்ணால் பெருக்கித் திருத்தவும் முடியாது.

வரிசை முக்கியம். ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். சஸ்பென்ஷனை முழுக்கத் தொங்கவிட்டு, சென்சாரின் இரண்டு பிணைப்புப் புள்ளிகளுக்கு இடையே அளவெடுங்கள். அடுத்து பம்ப் ஸ்டாப் (அசைவின் எல்லையில் முட்டும் ரப்பர்) முழுதாக நசுங்கும் வரை மேலே தூக்கி மறுபடி அளவெடுங்கள். இந்த இரண்டு அளவுக்கும் வெளியே சென்சாருக்கு இரு பக்கமும் குறைந்தது 5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். ஸ்பிரிங் மாட்டிய காரில் ஆட்கள் ஏறி மிதித்துப் பார்த்து "போதும்" என்று விட்டுவிட்டால், முதல் பெரிய கர்ப்பில் சென்சார் தண்டு வளையும். அந்த நேரத்தில் டேம்பருக்குப் பதில் பம்ப் ஸ்டாப்பாக வேலை செய்தது உங்கள் சென்சார்.

இரண்டு முனைகளிலும் உருண்டை மூட்டு வேண்டும். பக்கவாட்டு விசை வந்தால் உள்ளே இருக்கும் தடம் ஒரு பக்கமாகத் தேயும், பிறகு அந்த ஒரு இடத்தில் மட்டும் சிக்னல் துள்ளும். வயர் வெளிவரும் முனையைச் சேசிஸ் பக்கம் வையுங்கள். அசையாத வயர் உடையாது.

இது சொல்வது டேம்பரின் அசைவை, சக்கரத்தின் அசைவை அல்ல. இரண்டுக்கும் இடையே மோஷன் ரேஷியோ என்ற விகிதம் இருக்கிறது. ஸ்பிரிங் கழற்றியிருக்கும்போதே சக்கரத்தை 5 மி.மீ. படிகளாகத் தூக்கி, ஒவ்வொரு படியிலும் சென்சார் அளவைக் குறித்து வைத்துவிடுங்கள். பின்னால் இதற்காக மறுபடி ஸ்பிரிங்கைக் கழற்ற யாருக்கும் மனம் வராது.

6. ஸ்டீயரிங், த்ராட்டில்

ஸ்டீயரிங்குக்கு ரேக்கின் (பக்கவாட்டில் நகரும் பல்சட்டம்) அசைவை அளக்கும் நேர்கோட்டு சென்சாரோ, ஸ்டீயரிங் தண்டோடு பல்பெல்ட்டில் சுற்றும் சென்சாரோ போடலாம். எதுவானாலும் ஒரே நிபந்தனை: அது உடைந்தாலும் கழன்றாலும் ஸ்டீயரிங்கைச் சிக்க வைக்கக் கூடாது. பெல்ட் அறுந்தால் எங்கே விழும், பிராக்கெட் கழன்றால் எதில் மாட்டும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

த்ராட்டிலுக்குப் புது சென்சார் வேண்டியதில்லை. ஈசியுவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஏற்கெனவே அந்த எண் இருக்கிறது, கேன் (கருவிகள் தமக்குள் பேசும் இரு வயர் இணைப்பு) வழியாக எடுங்கள். ஈசியு சென்சாரின் வயரைச் சீவி அதிலிருந்து கிளை எடுப்பது கெட்ட பழக்கம். உங்கள் லாகரில் வரும் கோளாறு எஞ்சினையும் சேர்த்துப் படுக்க வைக்கும்.

7. பிரேக் பிரஷர், ஆயில் பிரஷர்

முன், பின் இரண்டு பிரேக் திரவச் சுற்றிலும் ஒவ்வொரு சென்சார் வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் ஓட்டுநர் எப்போது மிதித்தார் என்பது தெரியும், பங்கு தெரியாது.

சென்சாரைச் சுற்றின் மிக உயரமான இடத்தில் மேல்நோக்கி நிறுத்தாதீர்கள். காற்றுக் குமிழி மேலே போய் அங்கே தங்கும், பிளீட் செய்தாலும் (திரவத்தோடு காற்றை வெளியேற்றுவது) வெளியே வராது. பெடல் பஞ்சுபோல் இருக்கும். பக்கவாட்டில் அல்லது கீழ்நோக்கி வையுங்கள். த்ரெட்டில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது, பிய்ந்த துணுக்கு வால்வில் போய் அடைக்கும். அந்த மூட்டுக்குரிய வாஷரோ கூம்பு முனையோதான் கசிவைத் தடுக்க வேண்டும்.

த்ரெட் விஷயத்தில் அவசரம் வேண்டாம். எம்10 x 1, 1/8 என்பிடி, 1/8 பிஎஸ்பி என்ற மூன்று புரி வகைகளும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். என்பிடியில் அங்குலத்துக்கு 27 புரி, பிஎஸ்பியில் 28. தவறானதும் இரண்டு சுற்று சுகமாக உள்ளே போகும், மூன்றாவதில்தான் இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மாஸ்டர் சிலிண்டர் போச்சு. த்ரெட் கேஜ் வைத்துப் பாருங்கள்.

ஆயில் பிரஷர் சென்சாரை எஞ்சின் பிளாக்கில் நேராகத் திருகாதீர்கள். பித்தளை அடாப்டரின் நுனியில் கனமான சென்சார் தொங்கினால், எஞ்சின் அதிர்வில் கழுத்து முறியும். பிறகு சூடான ஆயில் எக்ஸாஸ்ட் மேல் கொட்டும், தீப்பிடிக்கக்கூடிய நிலை அது. சிறு பின்னல் ஹோஸ் ஒன்றை எடுத்து, சென்சாரைச் சேசிஸில் பிராக்கெட் போட்டு நிறுத்துங்கள்.

8. வெப்பம்

தண்ணீர் வெப்பச் சென்சாரின் நுனி ஓட்டத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். காற்று தங்கும் இடத்தில் மாட்டினால் எஞ்சின் கொதிக்கும்போதும் எண் அமைதியாக இருக்கும்.

எக்ஸாஸ்டுக்குப் பெரும்பாலும் கே வகை தெர்மோகப்பிள் என்ற வெப்ப சென்சார். இதில் நிறக் குழப்பம் உண்டு. அமெரிக்க முறையில் மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். ஐஇசி முறையில் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். சிவப்பைப் பார்த்ததும் பாசிட்டிவ் என்று மாட்டுபவர்கள் தப்பாமல் வருகிறார்கள். லைட்டரால் நுனியைச் சூடாக்குங்கள், எண் இறங்கினால் மாறியிருக்கிறது. வயரை நீட்ட வேண்டுமென்றால் கே வகை வயரையே பயன்படுத்துங்கள், சாதாரணச் செம்பு வயர் சேரும் இடத்தின் சூடு அளவோடு கலந்துவிடும்.

9. இப்போதுதான் வயர்

எல்லா சென்சாரும் உட்கார்ந்து, சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் முழு அளவுக்கு அசைந்து, எதுவும் உரசவில்லை என்று தெரிந்த பிறகு வயரை எடுங்கள். முதலில் ஒரு கயிற்றை வயர் போகும் வழியில் ஓட்டி நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அப்ரைட்டுக்குப் போகும் வயருக்கு, சக்கரம் முழுதாகத் திரும்பி முழுதாகத் தொங்கும் நிலையில் அளவெடுங்கள்.

இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், ஃபியூயல் பம்ப் வயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கடந்துதான் போக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள வயரில் ஷீல்டை லாகர் முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். இரண்டு முனையிலும் சேர்த்தால் ஷீல்டு வழியாகவே மின்னோட்டம் ஓடி இரைச்சலைக் கொண்டுவரும்.

சென்சாரின் கிரவுண்ட் வயர் லாகரின் சென்சார் கிரவுண்டுக்கே திரும்பிப் போக வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று சேசிஸில் மாட்டினால், பம்ப் அல்லது ஃபேன் ஓடும்போது அங்கே சில பத்து மில்லிவோல்ட் எழும். 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் 200 பார் அளக்கும் சென்சாரில் 40 மில்லிவோல்ட் என்பது 2 பார். ஃபேன் ஓடும்போதெல்லாம் ஓட்டுநர் பிரேக்கைத் தொடுவதுபோல் கோடு ஏறும்.

மூட்டுகளைக் கிரிம்ப் செய்யுங்கள். சால்டர் செய்த இடத்தில் ஈயம் இழைகளுக்குள் ஏறி வயர் விறைக்கும், அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு அதை முறிக்கும். கனெக்டருக்குச் சில அங்குலம் முன்பே ஒரு கிளிப் போட்டு வயரின் எடையைத் தாங்குங்கள்.

கேன் வயர்கள் இரண்டையும் முறுக்கி ஓட்டுங்கள். பேட்டரியைத் துண்டித்து, இரண்டு வயருக்கும் இடையே மீட்டர் வையுங்கள். 60 ஓம் அளவில் வந்தால் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 120 வந்தால் ஒன்று குறைகிறது, 40 வந்தால் ஒன்று கூடுதல்.

லேபிளை இரண்டு முனையிலும் ஒட்டுங்கள். "முன் இடது" என்று முழுதாக எழுதுங்கள், இடது என்பது ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய இடது.

10. காலிப்ரேஷன்

டயர் அழுத்தம் பந்தய அளவில், ஓட்டுநர் எடையோடு, சமதளத்தில் கார் நிற்கட்டும். ஸ்டீயரிங் நேராக இருப்பதைச் சக்கரத்தை வைத்து உறுதி செய்யுங்கள், கைப்பிடியின் தோற்றத்தை நம்பாதீர்கள். டேம்பரின் பூஜ்யத்தை இந்த நிலையில் வைப்பதா, முழுத் தொங்கலில் வைப்பதா என்பது உங்கள் விருப்பம். நான் நிற்கும் நிலையை எடுப்பேன், பம்பும் (சக்கரம் மேலே ஏறுவது) ட்ரூப்பும் (கீழே தொங்குவது) கூட்டல், கழித்தல் குறியைப் பார்த்ததுமே பிரிந்து தெரியும். ஆனால் எல்லா மூலைக்கும் ஒரே முறை, அதை எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஐஎம்யு குறுக்கே 0, நீளவாக்கில் 0, செங்குத்தில் 1 ஜி காட்ட வேண்டும். பிரேக் சென்சார் கால் எடுத்த நிலையில் 0 பார். அப்போது வோல்ட் 0.5 அருகில் இருக்க வேண்டும். முழுப் பூஜ்யமாக இருந்தால் வயர் அறுந்திருக்கிறது. அந்த 0.5 அங்கே இருப்பதே இதைக் காட்டத்தான்.

11. கைச்சோதனை, முதல் ஓட்டம்

லாகரை நேரலையில் திறந்து வைத்துக்கொண்டு காரின் ஒவ்வொரு மூலையாக அழுத்துங்கள். முன் வலதை அழுத்தினால் முன் வலதுதான் அசைய வேண்டும். நாங்கள் இதைச் செய்யாமல் விட்ட ஒரு நாளில், இடதும் வலதும் மாறியிருந்த டேட்டாவை வைத்து இரண்டு செஷன் முழுக்க செட்டிங் மாற்றினோம். கார் மோசமானதற்கு டயரைக் குறை சொன்னோம்.

பிறகு காரை 10 மீட்டர் தள்ளுங்கள், நாலு வீல் ஸ்பீடும் பேச வேண்டும். பெடலை மிதியுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு கனெக்டரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள், கோடு துள்ளினால் அங்கேதான் நோய். எல்லா சேனலும் ஒரே நேரத்தில் கிறுக்கினால் சென்சார்களைத் தொடாதீர்கள், 5 வோல்ட் வழங்கும் வயர் எங்கோ உரசிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது லாகர் அணைந்து எழுந்தால் பேட்டரி வோல்ட் விழுகிறது என்று பொருள்.

முதல் ஓட்டம் இரண்டே சுற்று, பாதி வேகம். உள்ளே வந்ததும் டேட்டாவைத் திறப்பதற்கு முன் காரைச் சுற்றி வாருங்கள்: பிரேக் மூட்டில் கசிவு, வயரில் உரசிய தடம், உருகிய உறை, தளர்ந்த போல்ட். அதற்கு அப்புறம் நேர்ச்சாலையில் வீல் ஸ்பீடை ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே விகிதத்தில் வேறுபட்டால் டயர் சுற்றளவைத் திருத்துங்கள். ஒரு சக்கரம் மட்டும் முழு மடங்கில் தப்பினால் பல்ஸ் எண்ணிக்கை தவறு.

எல்லாம் சரி என்றால் ஒவ்வொரு பிராக்கெட்டையும் போட்டோ எடுத்து, போல்ட் தலைகளில் பெயின்ட் கோடு போட்டு, காலிப்ரேஷன் கோப்பைத் தேதியோடு இரண்டு இடத்தில் சேமியுங்கள். டேம்பரை அடுத்த முறை கழற்றி மாட்டும் நாளில் பத்தாவது படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.